‘21 அவர்ஸ் அட் மியூனிக்’: கமிஷனர் முகத்தைப் பார்த்து நாம் ஏன் இரங்குகிறோம்?

தாழ்வாரம்:

போன வாரம் அப்பாவுடன் உட்கார்ந்து ‘21 அவர்ஸ் அட் மியூனிக்’ பார்த்தேன். 1976 நவம்பரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய நாடகம். அப்பா இதை எண்பதுகளில், வளைகுடாவில் வேலை பார்த்தபோது வாடகைக் கேசட்டில் பார்த்தாராம். ஒரு அறையில் எட்டுப் பேர், ஒரு டெக். “அதில் வெள்ளைத் தொப்பிக்காரன் ஒருவன் வருவான், அவனை மறக்கவே முடியாது” என்று நான் பள்ளியில் படித்த காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1972 செப்டம்பர் 5, விடியற்காலை நான்கு மணியைத் தாண்டிய நேரம். ‘கறுப்பு செப்டம்பர்’ அமைப்பைச் சேர்ந்த எட்டுப் பாலஸ்தீன ஆயுததாரிகள் மியூனிக் ஒலிம்பிக் கிராமத்தின் வேலியைத் தாண்டி, கொனோலி தெரு 31ஆம் எண் கட்டடத்துக்குள் நுழைகிறார்கள். இஸ்ரேலிய அணியினர் தங்கியிருந்த கட்டடம். கதவருகே சத்தம் கேட்டு எழுந்த மல்யுத்த நடுவர் யோசெஃப் குட்ஃப்ரோயிண்ட், தன் பெரிய உடம்பைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கத்துகிறார். அந்தச் சில நொடிகளில் அறைத்தோழர் ஒருவர் சன்னல் வழியாகத் தப்பிவிடுகிறார். பயிற்சியாளர் மோஷே வைன்பெர்க்கும் பளுதூக்கும் வீரர் யோசெஃப் ரோமானோவும் எதிர்த்து நின்று அங்கேயே கொல்லப்படுகிறார்கள். மீதி ஒன்பது பேர் பணயக் கைதிகள். இஸ்ரேல் சிறைகளில் உள்ள இருநூறுக்கும் மேற்பட்டோரை விடுவிக்க வேண்டும் என்பது கோரிக்கை; கோல்டா மேயர் அரசு மறுத்துவிடுகிறது. கெடு ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகிறது. இரவில் ஃபூர்ஸ்டன்ஃபெல்ட்புருக் விமானத் தளத்தில் மீட்பு முயற்சி. ஒன்பது பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

நாடகத்தை நிகழ்ச்சி நடந்த இடங்களிலேயே எடுத்திருக்கிறார்கள். நான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது. அதே மாடி, அதே படிக்கட்டு, அதே விமானத் தளம். செட் போட்டிருந்தால் இந்தக் குளிர் வந்திருக்காது.

என்னை உறுத்தியது நடிகர் தேர்வு. மியூனிக் போலீஸ் தலைவர் மன்ஃப்ரெட் ஷ்ரைபராக வில்லியம் ஹோல்டன். ஆயுததாரிகளின் தலைவன் ஈசாவாக இத்தாலியின் ஃபிராங்கோ நீரோ. பேச்சு நடத்திய பெண் போலீஸ் அதிகாரி அன்னலீஸ கிரேஸாக ஷெர்லி நைட். மூன்று பெரிய பெயர்களும் பேரம் பேசும் மேசையின் இரண்டு பக்கத்துக்குப் போய்விட்டன. சாகப் போகிற பதினோரு பேருக்குப் பெயரறிந்த முகம் ஒன்றும் இல்லை. ஹோல்டனுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. கண்ணுக்குக் கீழே தொங்கும் அந்தத் தோல், சிகரெட் பிடித்துப் பழகிய அந்தக் குரல். அந்த முகத்தை ஒன்றரை மணி நேரம் பார்த்தால், “பாவம், இந்த மனிதர் என்ன செய்வார்” என்றுதான் தோன்றுகிறது. எனக்கும் தோன்றியது. மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது என்மேலேயே கோபம் வந்தது. யாருக்காக இரங்கிக்கொண்டிருந்தேன்?

வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

பழைய ரேடியோ:

நாடகம் பார்த்ததில்லை அம்மா. அந்தச் செய்தியைக் கேட்டவன் நான்.

1972இல் எனக்குப் பதினாறு வயது. எங்கள் ஊரில் ஒலிம்பிக் என்றால் ஹாக்கி மட்டும்தான். சென்னையின் கிருஷ்ணமூர்த்தி பெருமாள் அணியில் இருந்தார் என்பதால் எங்களுக்குக் கூடுதல் கர்வம். டீக்கடை ரேடியோவில் செய்தி வரும் நேரத்துக்கு ஒரு கூட்டம் சேரும். பணயக் கைதிகள் எல்லோரும் காப்பாற்றப்பட்டுவிட்டார்கள் என்று காலையில் யாரோ சொன்னார்கள். கடைக்காரர் கைதட்டினார், நாங்களும் தட்டினோம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதே கடைக்காரர், “எல்லாம் பொய்யாம்டா, எல்லோரையும் கொன்றுவிட்டார்களாம்” என்றார். யாருடைய பொய் என்று அப்போது புரியவில்லை. பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நடவடிக்கை வெற்றி என்று ஜெர்மன் அரசின் செய்தித் தொடர்பாளர் கொன்ராட் ஆலர்ஸ் நள்ளிரவை ஒட்டித் தொலைக்காட்சியில் பேசியிருக்கிறார். அதை நம்பிப் பல நாட்டு நாளிதழ்கள் அச்சுக்குப் போயிருக்கின்றன. அந்தப் பேச்சு எங்கள் டீக்கடை வரைக்கும் வந்திருக்கிறது.

ஹாக்கி அரையிறுதி தள்ளிப்போனது. பாகிஸ்தானிடம் 2-0 என்று தோற்றோம், பிறகு நெதர்லாந்தை வென்று வெண்கலம். ஊரில் அழுதவர்கள் அந்தத் தோல்விக்காகத்தான் அழுதார்கள். இப்போது அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

மூன்றாம் நடுவர்:

வேலி ஏறும்போது ஆயுததாரிகளுக்குக் கைகொடுத்து உதவியவர்கள் அமெரிக்க வீரர்கள் என்று எல்லா இடத்திலும் எழுதுவார்கள். யாராவது இங்கேயும் எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். உதவியவர்கள் கனடாக்காரர்கள் என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வந்தது. ஊர் சுற்றிவிட்டுத் தாமதமாகத் திரும்பிய சக வீரர்கள் என்று நினைத்து, பாவம், பைகளையும் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பைகளில்தான் துப்பாக்கிகள்.

ஓய்வுபெற்ற லத்தி:

முப்பத்து மூன்று வருடம் தமிழ்நாடு காவல்துறையில் இருந்தவன். பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு ஒரு முழு மதியம் மியூனிக் பற்றி வகுப்பு எடுத்தார்கள். ‘எதையெல்லாம் செய்யக் கூடாது’ என்று பலகையில் தலைப்பு போட்டார் ஆசிரியர். தாழ்வாரம் அவர்களே, உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஷ்ரைபரைத் திட்டுவதற்கு முன்னால் பட்டியலைப் பாருங்கள். ஒருவர் செய்த தவறு எது, ஓர் ஏற்பாடு செய்த தவறு எது என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஏற்பாட்டின் தவறு முதலில். 1936 பெர்லின் ஒலிம்பிக் ஹிட்லருடையது. மியூனிக்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் டாகாவ் வதைமுகாம் இருக்கிறது. அதனால் 1972ஐச் ‘சிரித்த முகத்தோடு ஒரு ஒலிம்பிக்’ என்று நடத்த நினைத்தார்கள். காவலர்களுக்கு வெளிர்நீலச் சீருடை. கையில் ஆயுதம் இல்லை. போலீஸ் உளவியலாளர் கியோர்க் ஸீபர் என்பவர் போட்டிகளுக்கு முன்பே 26 ஆபத்துச் சூழல்களை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் 21ஆவது: விடியற்காலையில் ஆயுதமேந்திய பாலஸ்தீனக் குழு இஸ்ரேலியர் விடுதிக்குள் புகுவது. எழுதிக் கொடுத்தது அப்படியே நடந்தது. கோப்பு கோப்பாகவே இருந்தது. (எந்த நாட்டு அலுவலகமானாலும் கோப்பின் குணம் ஒன்றுதான்.)

மேலும் ஒன்று: ஜெர்மனியில் போலீஸ் மாநில அரசின் பொறுப்பு. உள்நாட்டில் ராணுவத்தை இறக்க அரசமைப்பு தடுக்கிறது. ஆக மியூனிக் இருக்கும் பவேரிய மாநிலத்துப் போலீஸின் தலையில்தான் எல்லாம் விழுந்தது.

இனி விமானத் தளம். இங்கேதான் என்னால் யாரையும் மன்னிக்க முடியவில்லை. எதிரிகள் நான்கைந்து பேர் என்ற நினைப்பில் ஐந்தே ஐந்து துப்பாக்கி வீரர்களை நிறுத்தினார்கள். கிராமத்தில் ஹெலிகாப்டருக்கு மாறும்போது எட்டுப் பேர் என்று எண்ணிவிட்டார்கள். எண்ணியவர்களிடமிருந்து அந்த எண், இருட்டில் படுத்திருந்த ஐந்து பேருக்குப் போய்ச் சேரவில்லை. அவர்களிடம் வாக்கி டாக்கி இல்லை. துப்பாக்கியில் தொலைநோக்கி இல்லை, இரவில் பார்க்கும் கருவி இல்லை. தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடும் பயிற்சி பெற்றவர்களும் இல்லை. நின்ற இடமோ, ஒருவர் சுட்டால் இன்னொருவர் மேல் படும் இடம். சகாக்களின் குண்டு பட்டு ஒரு போலீஸ் வீரரே காயமடைந்தார்.

ஓடுதளத்தில் நின்ற லுஃப்தான்ஸா விமானத்துக்குள், விமானச் சிப்பந்தி வேடத்தில் சில போலீஸார் காத்திருக்க வேண்டும், ஈசா சோதனையிட ஏறும்போது மடக்க வேண்டும் என்பது திட்டம். உள்ளே இருந்தவர்கள், இது தற்கொலை என்று தங்களுக்குள் வாக்கெடுத்து இறங்கிப் போய்விட்டார்கள். மேலிடத்தைக் கேட்கவில்லை. ஈசா ஏறிப் பார்க்கிறான், வெற்று விமானம். மோசம் போனோம் என்று புரிந்துகொண்டு ஹெலிகாப்டரை நோக்கி ஓடுகிறான். அப்போது தொடங்குகிறது சுடுதல். கவச வண்டிகளை முன்கூட்டியே வரவழைக்கவில்லை. கூப்பிட்டபோது வேடிக்கை பார்க்கப் புறப்பட்ட மக்களின் கார் நெரிசலில் மாட்டிக்கொண்டன. வண்டிகள் நள்ளிரவில் வந்து சேர்ந்த பிறகுதான் ஹெலிகாப்டர்களில் கட்டுண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒன்றில் கையெறிகுண்டு, மற்றதில் துப்பாக்கி. டேவிட் பெர்கர் என்ற பளுதூக்கும் வீரர் குண்டுக் காயத்தால் சாகவில்லை, எரிந்த ஹெலிகாப்டரின் புகையில் மூச்சுத் திணறிச் செத்தார்.

அன்டன் ஃப்ளீகர்பவர் என்ற போலீஸ்காரரும் அன்றிரவு செத்தார். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

தாழ்வாரம்:

லத்தி ஐயா, இதைத்தான் நான் வேறு வார்த்தையில் சொல்ல வந்தேன். நீங்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. நாடகம் பார்க்கும்போது துக்கம்தான் வந்தது. தொலைநோக்கி இல்லாத துப்பாக்கியும் ஆள் இல்லாத விமானமும் ஹோல்டனின் முகத்துக்குப் பின்னால் போனதும் விதி மாதிரி ஆகிவிடுகின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த நாடகம் வந்தது 1976 நவம்பர். அந்த ஆண்டு ஜூலையில்தான் என்டபே நடந்தது: உகாண்டா வரைக்கும் பறந்து போய் இஸ்ரேலியக் கமாண்டோக்கள் கைதிகளை மீட்டு வந்தார்கள். அன்று அமெரிக்க வீடுகளில் இதைப் பார்த்தவர்களுக்கு அது நான்கு மாதம் முந்தைய செய்தி. இஸ்ரேலிய உளவு அமைப்பான மொஸாட்டின் தலைவர் ஸ்வி ஸமீராக வரும் அந்தோனி குவெயில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கும்போது, பார்த்தவர்களின் மனத்தில் என்டபே ஓடாமல் இருந்திருக்குமா? நிஜத்திலும் ஸமீர் அங்கே போனார். பார்வையாளராக நிற்க மட்டும் இடம் கொடுத்தார்கள்.

கண்ணாடிப் பெட்டி:

நான் செய்தித் தொலைக்காட்சியில் இருபது வருடம் வேலை பார்த்தவள். நீங்கள் எல்லோரும் போலீஸையே பேசுகிறீர்கள். கேமராவை விட்டுவிட்டீர்கள்.

விமானத் தளத்துக்கு முன்னால் இன்னொரு திட்டம் இருந்தது. மாலையில், விளையாட்டு வீரர்களைப் போல ட்ராக் சூட் மாட்டிய போலீஸார் கையில் இயந்திரத் துப்பாக்கியுடன் 31ஆம் எண் கட்டடத்தின் கூரையில் ஏறினார்கள். காற்றுக் குழாய் வழியாக உள்ளே இறங்குவது திட்டம். சங்கேதச் சொல் ‘சூரிய ஒளி’. சுற்றிலும் பால்கனிகளில் தொலைக்காட்சிக் குழுக்கள். கூரைமேல் ஊர்ந்தவர்கள் நேரலையில் போனார்கள். கைதிகள் இருந்த அறைகளிலும் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது, மின்சாரத்தைத் துண்டிக்க யாருக்கும் தோன்றவில்லை. தங்கள் தலைக்கு மேலே நடப்பதை உள்ளே இருந்தவர்கள் பெட்டியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்ததும் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

நடந்ததை நேரலையில் காட்டிய அமெரிக்க நிறுவனம் ஏபிசி. நான்கு வருடம் கழித்து அதையே நாடகமாக்கி ஒளிபரப்பியதும் ஏபிசி. ஒரே துக்கத்தை இரண்டு முறை ஒளிபரப்பிய நிறுவனம் என்று எங்கள் அலுவலகத்தில் கேலியாகச் சொல்வோம். ஆனாலும் ஜிம் மெக்கே அன்று அதிகாலை மூன்றரை மணி வாக்கில் பேசியதை இன்றும் கேட்டால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. விளையாட்டு வர்ணனையாளர், செய்தி வாசிப்பவர் அல்ல. நம்முடைய மிகப் பெரிய நம்பிக்கைகளும் மிக மோசமான அச்சங்களும் அபூர்வமாகத்தான் நிஜமாகும் என்று தன் அப்பா சொன்னதை நினைவுகூர்ந்தார், இன்றிரவு மோசமான அச்சங்கள் நிஜமாகிவிட்டன என்றார். எத்தனை பேர் எங்கே கொல்லப்பட்டார்கள் என்று சொன்னார். கடைசியில், “எல்லோரும் போய்விட்டார்கள்.” அவ்வளவுதான். பின்னணி இசை கிடையாது.

2008 நவம்பரில் மும்பை நடந்தபோது நான் எங்கள் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். நரிமன் இல்லத்தின் கூரையில் ஹெலிகாப்டரிலிருந்து கமாண்டோக்கள் இறங்கியது உலகமெல்லாம் நேரலையில் போனது. தாக்கியவர்களை எல்லைக்கு அப்பாலிருந்து தொலைபேசியில் இயக்கியவர்கள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கசாப் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் எங்களை வெளுத்து வாங்கியது. 2015இல் கேபிள் தொலைக்காட்சி விதிகளைத் திருத்தி, இத்தகைய நடவடிக்கைகளை நேரலையில் காட்டத் தடை போட்டார்கள். மியூனிக் முடிந்து முப்பத்தாறு வருடம் கழித்து நாங்கள் அதே தவறைச் செய்தோம். எங்களில் யாருக்கும் அந்தக் கூரை நினைவுக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை.

பழைய ரேடியோ:

“அதே துக்கத்தை இரண்டு முறை.” கேலி இல்லை அம்மா அது.

வடலி:

நான் யாழ்ப்பாணத்தவன், எண்பதுகளின் நடுவில் ஜேர்மனிக்கு வந்தேன். மியூனிக்கில்தான் வசிக்கிறேன். இந்த ஊரைப் பற்றி நீங்கள் பேசும்போது வாய்மூடி இருக்க முடியவில்லை.

கொனோலி தெரு நீங்கள் நினைப்பது போல மயான அமைதியான இடமல்ல. யூ-3 இரயிலில் ஒலிம்பியாசென்ட்ரும் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. பழைய வீராங்கனைகள் விடுதி இருந்த பக்கம் இப்போது மாணவர் குடில்கள். சுவரெல்லாம் வண்ணப் படம் தீட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், பால்கனிகளில் பூந்தொட்டி தொங்குகிறது. 31ஆம் எண் கட்டடத்தை மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சிக் கழகம் தன் விருந்தினர்கள் தங்குவதற்கு வைத்திருக்கிறது. வாசலில் எபிரேயத்திலும் ஜேர்மனிலும் பெயர்கள் பொறித்த கல். அதன் மேல் யாராவது கூழாங்கற்களை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

கொனோலி என்றால் யார் தெரியுமா? 1896இல் ஏதென்ஸில், நவீன ஒலிம்பிக்கின் முதல் வெற்றியாளர். ஒரு விளையாட்டு வீரரின் பெயர் வைத்த தெரு இப்போது வேறு ஒன்றுக்காகத்தான் நினைவில் நிற்கிறது.

லத்தி ஐயா சொன்ன கோப்பைப் பற்றி ஒரு விஷயம் சேர்க்கிறேன். பெற்றோரையும் கணவர்களையும் இழந்த குடும்பங்கள் என்ன நடந்தது என்று கேட்டபோது, இங்கே அவர்களுக்குக் கிடைத்தது பல ஆண்டு மௌனம்தான். வாள்வீச்சுப் பயிற்சியாளர் அந்த்ரே ஷ்பிட்ஸரின் மனைவி அங்கீ ஷ்பிட்ஸர் இதற்காகவே வாழ்நாளைச் செலவிட்டார். ரோமானோவின் மனைவி இலானாவும் கூட. ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒரு நிமிட மௌனம் கேட்டார்கள். அது 2021இல் டோக்கியோவில்தான் கிடைத்தது. 49 ஆண்டு! 2022இல், ஐம்பதாம் ஆண்டு நிகழ்வைப் புறக்கணிப்போம் என்று குடும்பங்கள் சொன்ன பிறகுதான் 28 மில்லியன் யூரோ இழப்பீட்டுக்கு உடன்பாடு வந்தது. ஜனாதிபதி ஷ்டைன்மையர் ஃபூர்ஸ்டன்ஃபெல்ட்புருக்கில் நின்று மன்னிப்புக் கேட்டார். நான் வீட்டில் இருந்து பார்த்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து, “இவ்வளவு நாள் ஏன் எடுத்தது?” என்று கேட்டா. எனக்குப் பதில் தெரியவில்லை.

உயிரோடு பிடிபட்ட மூன்று ஆயுததாரிகளும் இரண்டு மாதம்கூடச் சிறையில் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அக்டோபர் 29ஆம் திகதி அவர்களின் கூட்டாளிகள் லுஃப்தான்ஸா விமானம் ஒன்றைக் கடத்தினார்கள். அரசு மூவரையும் விட்டுவிட்டது. விசாரணையே நடக்கவில்லை. ஹோல்டனின் முகம் இதையும் மூடுமா?

உப்புக்காற்று:

ஒருவரும் கேட்காததால் நான் கேட்கிறேன். அந்த எட்டுப் பேர் எங்கிருந்து வந்தார்கள்? லெபனான், சிரியா, ஜோர்டான் அகதி முகாம்களில் 1948இலிருந்து கிடந்த மக்களைப் பற்றி இந்த நாடகம் என்ன சொல்கிறது? ‘கறுப்பு செப்டம்பர்’ என்ற பெயரே, 1970 செப்டம்பரில் ஜோர்டான் ராணுவம் பாலஸ்தீனப் போராளிகளை அடித்து நொறுக்கியதன் நினைவாக வந்தது. அது ஒரு வரியாவது வேண்டாமா? நீலக் கண் இத்தாலிய நடிகரின் முகத்தில் கரியைப் பூசி பாலஸ்தீனியன் என்று நிறுத்திவிட்டால் ஆயிற்றா?

கொலையை நியாயப்படுத்தவில்லை. கதையை நான்கு மணிக்குத் தொடங்கினால் நான்கு மணிக்கு முன்னால் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடுகிறது என்கிறேன்.

மூன்றாம் நடுவர்:

கரி பூசியது ஒப்பனைக்காரரின் வேலை இல்லை. நிஜ ஈசாவே முகத்தில் கரி பூசிக்கொண்டு, வெளிர்நிறச் சூட்டும் வெள்ளைத் தொப்பியும் அணிந்துதான் வாசலில் நின்று பேசினான். நீலக் கண்ணுக்கு வேண்டுமானால் வழக்குப் போடுங்கள்.

நெறியாளர்:

இஸ்ரேல்-பாலஸ்தீனப் பொது விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே நாடகத்தையும் 1972ஐயும் மட்டும் பேசுங்கள். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

வடலி:

உப்புக்காற்று, உங்கள் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. முகாம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் வந்த புதிதில் இங்கேயும் ஒரு அகதி விடுதியில்தான் இருந்தேன்.

ஆனால் அதே 31ஆம் எண் கட்டடத்தின் இரண்டாவது குடியிருப்பில் இருந்த ஷவூல் லடானியைப் பாருங்கள். இஸ்ரேலிய வேகநடை வீரர். எட்டு வயதில் பெர்கன்-பெல்சன் நாஜி வதைமுகாமில் இருந்து உயிர் பிழைத்தவர். அன்று விடியற்காலையிலும் பின்பக்கமாகத் தப்பினார். அவர் கதை எந்த மணிக்குத் தொடங்குகிறது? எல்லோருக்கும் நான்கு மணிக்கு முன்னால் ஒன்று இருக்கிறது. நாடகம் எவருடையதையும் சொல்லவில்லை என்பதுதான் என் குறை. உங்களுடையதை மட்டும் விட்டுவிட்டது என்பதல்ல.

உப்புக்காற்று:

அது சரி. ஏற்கிறேன். நீலக் கண்ணை மட்டும் ஏற்கவில்லை.

மூன்றாம் நடுவர்:

இதே ஊரை வைத்து 2022இல் வந்த ‘மியூனிக் கேம்ஸ்’ தொடரை யாராவது பார்த்தீர்களா? ஆறு பகுதி. படுகொலையின் ஐம்பதாம் ஆண்டில் மியூனிக்கில் ஓர் இஸ்ரேலியக் கால்பந்துக் குழுவும் ஜெர்மன் குழுவும் நட்பு ஆட்டம் ஆடப் போகின்றன. தாக்குதல் வரலாம் என்று துப்பு கிடைக்கிறது. ஜெர்மன் பெண் அதிகாரியும் மொஸாட் ஆளும் ஒருவரையொருவர் நம்பாமல் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள். முழுக் கற்பனை. எனக்கு அது பழைய நாடகத்தைவிட நேர்மையாகப் பட்டது. நடந்ததை மறுபடி நடித்துக் காட்டவில்லை, நடந்தது இன்னும் முடியவில்லை என்பதில் தொடங்குகிறது. துரத்தல் காட்சிகள் சலிப்பு. இரண்டு பகுதி குறைத்திருக்கலாம்.

ஓய்வுபெற்ற லத்தி:

தொடரைப் பார்க்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மியூனிக் முடிந்து சில வாரத்தில் உள்துறை அமைச்சர் கென்ஷர் ஜிஎஸ்ஜி-9 என்ற சிறப்புப் படையை அமைக்க உத்தரவிட்டார். அன்று கைதிகளுக்குப் பதிலாகத் தன்னை எடுத்துக்கொள்ளும்படி ஈசாவிடம் கேட்டவர்களில் அவரும் ஒருவர். உள்ளே போய்க் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்களைக் கண்ணால் பார்த்தவர். அந்தப் படை 1977 அக்டோபரில் மொகாதிஷுவில் லுஃப்தான்ஸா விமானத்துக்குள் புகுந்து பணயக் கைதிகள் அத்தனை பேரையும் உயிரோடு மீட்டது. நாடகம் ஒளிபரப்பாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நம் ஊரில் தேசியப் பாதுகாப்புப் படை 1984இல் வந்தது. அமைத்தவர்கள் ஜெர்மானியரின் அந்தப் படையையும் பார்த்துத்தான் படித்தார்கள்.

ஷ்ரைபர் பற்றிக் கேட்டீர்கள். கைதிகளுக்குப் பதிலாகத் தன்னைத் தர முன்வந்தவர்களில் அவரும் உண்டு. அது நிஜம். ஐந்து பேருக்கு வாக்கி டாக்கி இல்லை என்பதும் நிஜம். நான் பணியில் இருந்தபோது இரண்டு வகை அதிகாரிகளையும் பார்த்திருக்கிறேன். சில சமயம் இரண்டும் ஒரே ஆளாக இருக்கும்.

கண்ணாடிப் பெட்டி:

பழைய ரேடியோ ஐயாவிடம் ஒரு கேள்வி. 6ஆம் தேதி ஒலிம்பிக் மைதானத்தில் அஞ்சலிக் கூட்டம் நடந்ததே, சுமார் எண்பதாயிரம் பேர். அதில் ஒலிம்பிக் குழுத் தலைவர் ஏவரி பிரண்டேஜ், போட்டிகள் தொடர வேண்டும் என்று அறிவித்தார். வெள்ளைச் சிறுபான்மையினர் ஆண்ட ரொடீசியாவை (இன்றைய ஜிம்பாப்வே) போட்டிகளிலிருந்து விலக்க வைத்த நெருக்கடியையும் இந்தக் கொலைகளையும் ஒரே மூச்சில் பேசினார் என்று பலருக்கும் ஆத்திரம். உங்கள் டீக்கடையில் அதைப் பற்றி என்ன பேசினார்கள்?

பழைய ரேடியோ:

ஹாக்கி நடக்கும் என்று சந்தோஷப்பட்டோம். வேறு ஒன்றும் பேசவில்லை.

தாழ்வாரம்:

நேற்று இரவு அப்பாவுக்கு இந்த இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். வடலி அண்ணா எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு, “கடைசிக் காட்சியை மறுபடி போடு” என்றார்.

விமானத் தளம் வந்தது. ஹெலிகாப்டருக்குள் கட்டப்பட்டு உட்கார்ந்திருப்பவர்கள் சில நொடிகள் தெரிகிறார்கள். அப்பா நிறுத்தச் சொன்னார். “இவர் யார்?” என்றார். தெரியவில்லை என்றேன். “இவர்?” தெரியவில்லை. நடிகர் பட்டியலில் தேடினோம். பெரிய உடம்போடு குட்ஃப்ரோயிண்டாக நடித்தவர் பால் ஸ்மித் என்று மட்டும் கண்டுபிடித்தேன். மற்ற முகங்களுக்குப் பெயர் வைக்க எங்களால் முடியவில்லை. அப்பா ஒரு தாளில் பதினோரு பெயரையும் எழுதித் தரச் சொன்னார். குட்ஃப்ரோயிண்ட், வைன்பெர்க், ரோமானோ, பெர்கர், ஃப்ரீட்மன், ஹால்ஃபின், ஸ்லாவின், ஷோர், ஷப்பீரா, ஷ்பிரிங்கர், ஷ்பிட்ஸர். எழுதிக் கொடுத்தேன். உச்சரிப்பு சரியா என்று கேட்கிறார். வடலி அண்ணா, உங்களுக்குத் தெரிந்தால் திருத்துங்கள்.